கேமராவுக்குள் ஒரு தையல்காரி!

நம்ம ஸ்கூல் தண்ணீர்த் தொட்டி ஓரம் இருக்கும் செம்பருத்திச் செடியை எப்போதாவது கவனிச்சிருக்கீங்களா? காலையில் பெல் அடிக்கும் முன் அங்கே ஒரு தேன்சிட்டு வரும். அலகு முதல் வால் வரை 10 செ.மீ.தான், நம்ம ஸ்கேலில் பாதிகூட வராது. பெரிய பூவில் அதன் அலகு தேனுக்கு எட்டாவிட்டால் என்ன செய்யும் தெரியுமா? பூவின் அடியில் ஓட்டை போட்டு உறிஞ்சிவிடும்! நேரில் பார்த்தபோது எனக்கு இது புரியவே இல்லை. எடுத்த போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தபோதுதான் தெரிஞ்சது. அன்றைக்குப் பிடிச்ச பைத்தியம் இது.

இதற்கு லட்ச ரூபாய் கேமரா வேண்டும் என்று நினைக்காதீர்கள். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கேமராக்களின் பாகங்களை ஒன்றாகச் சேர்த்து ஒன்றைத் தயாரித்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்துக்கொண்டார். அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் புகழ்பெற்றவை. என்னிடம் இருப்பது சித்தப்பாவின் பழைய ஜூம் கேமரா.

சிட்டு ஒரு நொடிகூட சும்மா இருக்காது. அதனால் ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்கணும். அதற்கு வெளிச்சம் வேண்டும். காலை வெயில் நம் முதுகுப் பக்கம் இருந்தால் நல்லது. கண்ணுக்கு ஃபோகஸ் வைங்க. கண் மங்கினால் படமே போச்சு. பறவையைத் துரத்தாமல், அது தினமும் வரும் கிளைக்கு எதிரே அசையாமல் உட்காருங்க. அதுவே வரும். (கொசு கடிக்கும், அடிக்கக் கூடாது!)

இனி நான் செய்த தப்பைச் சொல்லணும். போன வருஷம் எங்க வீட்டுப் பின்னால் தேக்கங்கன்றில் ஒரு தையல்சிட்டு கூடு கட்டியது. இலை ஓரத்தில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டு, பஞ்சு, நார், சிலந்தி நூல் எல்லாம் கோத்துத் தைத்திருந்தது. முடிச்சு கிடையாது. நூல் முனை பிசிறாகி ஓட்டையில் சிக்கிக்கொள்ளும், அவ்ளோதான். உள்ளே மூணு குஞ்சுகள். வெளிச்சம் பத்தலை என்று மேலே மறைத்திருந்த ஒரு இலையை ஒதுக்கி நூலால் கட்டினேன். படம் சூப்பரா வந்தது. நூலை அவிழ்க்க மறந்துட்டேன்.

மறுநாள் கூடு கிழிந்து கிடந்தது. காகமோ, ஓணானோ தெரியாது. தாய்ச்சிட்டு வாயில் புழுவோடு அந்தக் கன்றையே சுற்றிச் சுற்றிக் கத்தியது. கேமரா கையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. முதல் நாள் எடுத்த படத்தையும் அழிச்சிட்டேன். சுவரிதழில் அதை ஒட்டாததற்கு இதுதான் காரணம்.

மறைத்திருந்த இலைதான் அந்தக் கூட்டுக்குக் கதவு. பல புகைப்படப் போட்டிகளில் கூட்டில் எடுத்த படங்களைச் சேர்ப்பதே இல்லை என்று பிறகுதான் படித்தேன். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, இரை தேடுவதை விட்டு அலையும்.

செம்பருத்தித் தேன்சிட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் இன்டர்வெல்லில் என்னிடம் சொல்லுங்க. ஒரு தடவைக்கு ரெண்டு பேர்தான். நம்ம வெள்ளைச் சட்டை அதற்குத் தூரத்திலேயே தெரிஞ்சிடும். அதனால் வேப்பமரத்துக்குப் பின்னால்தான் நிற்கணும்.

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு