அனுப்பும் முன் ஒரு நிமிடம்

நானாட்டானில் ஒரு குடும்பத்துக்குக் காசு வரும் வழிகள் சிலதான். கட்டுக்கரைக் குளத்து நீரில் விளைந்த நெல்லை விற்ற காசு, 2024இல் ஹெக்டேயருக்கு 25,000 ரூபாயாக உயர்ந்த உர மானியம், 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவு, கனடாவிலோ சவூதியிலோ இருக்கும் பிள்ளை அனுப்பும் பணம். முன்பு இதில் பெரும்பகுதி கையில் எண்ணி வாங்கியது. இன்று பெரும்பாலும் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்தக் கணக்கும் கைபேசிக்குள் வந்துவிட்டது. ஆகவே திருடன் நானாட்டானுக்கு வரவேண்டியதில்லை. உங்கள் நம்பர் தெரிந்தால் போதும்.

பெரும்பாலான மோசடிகளில் வங்கியின் கணினிக்குள் எவரும் நுழைவதில்லை. கணக்குக்காரரைக் கொண்டே காசை அனுப்ப வைக்கிறார்கள். இல்லாவிட்டால், காசை எடுக்கத் தேவையான இரகசிய இலக்கத்தை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள்.

போன காசு ஏன் திரும்புவதில்லை?

லங்காபே நிறுவனம் நடத்தும் செஃப்ட்ஸ் என்ற முறை 2015இல் வந்தது. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சில நொடிகளில் காசு போய்ச் சேர அதுவே காரணம். ஞாயிற்றுக்கிழமையும் நள்ளிரவும் அதற்கு ஒன்றுதான். நமக்கு வசதியான அந்த வேகம் திருடனுக்கும் வசதி. உங்கள் காசு போய்ச் சேர்ந்ததும் அதை வேறு கணக்குக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். துருசைத் திறந்து வயலுக்குப் போன தண்ணீர் குளத்துக்குத் திரும்பாது, இதுவும் அப்படித்தான். காவல் போடவேண்டியது அனுப்பிய பின் அல்ல, அனுப்பும் முன்.

இதற்குப் பெரிய சான்று ஒன்று இலங்கையோடு தொடர்புடையது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்தவர்கள், நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரை எடுக்க முயன்றார்கள். 81 மில்லியன் பிலிப்பைன்ஸுக்குப் போனது; அதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் மறைந்தது. 20 மில்லியன் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு வந்தது. இவ்வளவு பெரிய தொகை எதற்கு என்று இங்குள்ள வங்கியில் சந்தேகம் எழுந்தது. பெயரிலும் எழுத்துப்பிழை இருந்தது. நிறுத்தி விளக்கம் கேட்டார்கள். அந்த 20 மில்லியனும் மீண்டது. ஒரே திருட்டில், கேள்வி கேட்கப்பட்ட காசு தப்பியது. நம் வீட்டுக் காசுக்கும் இதுதான் விதி.

எந்தெந்த வேடத்தில் வருகிறார்கள்?

வங்கியிலிருந்து பேசுவதாக: “உங்கள் கார்ட் நிற்கப்போகிறது, போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்பார்கள். அந்த இலக்கம்தான் ஓடிபி. உங்கள் கணக்கில் ஒரு வேலையைச் செய்து முடிக்க நீங்கள் தரும் கையொப்பம் அது. வங்கி ஊழியர் எவரும் அதைக் கேட்கமாட்டார். பரிசு விழுந்திருக்கிறது என்பவரும், நிவாரணம் பதிய வேண்டும் என்பவரும் கேட்டால் அவர்களும் திருடர்களே.

தபாலில் இருந்து வருவதாக: பொதி வந்திருக்கிறது, விலாசம் சரியில்லை, சிறு தொகை கட்டுங்கள் என்று ஒரு லிங்கோடு எஸ்எம்எஸ் வரும். இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரில் இப்படிப் பலருக்கு வந்தது; திணைக்களமே எச்சரிக்கை விட்டது. கேட்பது சிறு தொகை. ஆனால் அதைக் கட்ட நீங்கள் கொடுக்கும் கார்ட் விபரத்தால் கணக்கே காலியாகலாம்.

சொந்தக்காரராக: வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவின் வட்ஸ்அப்பிலிருந்தே “அவசரம், இந்தக் கணக்குக்கு ஐம்பதாயிரம் போடு, பின்னேரம் தருகிறேன்” என்று வரும். அவருடைய வட்ஸ்அப்பை வேறொருவர் கைப்பற்றியிருக்கலாம். பதில் எழுதாதீர்கள். அவருடைய சாதாரண நம்பருக்கு எடுத்து, குரலைக் கேட்டுப் பேசுங்கள். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள்.

வாங்குபவராக: நண்டோ நெல்லோ மோட்டார் சைக்கிளோ விற்கும்போது, காசு போட்டதாக ஸ்லிப்பின் படத்தை அனுப்புவார்கள். படம் காசல்ல. உங்கள் கணக்கின் மீதியைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். “காசு வர இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள்” என்றால் நம்பாதீர்கள். கடையில் நீங்கள் ஸ்கேன் செய்வது காசு கொடுப்பதற்கு. காசு வாங்க அந்த ஸ்கேனும் உங்கள் பின் நம்பரும் தேவையே இல்லை.

வேலை தருபவராக: முதலில் முற்பணம் கேட்பார்கள். முகவரிடம் அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டுவிட்டுத்தான் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டும்.

இளம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. “உன் கணக்கை மட்டும் கொடு, வரும் காசை எடுத்துத் தந்தால் கமிஷன்” என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். திருடிய காசு கைமாறுவது இப்படியான கணக்குகள் வழியாகத்தான். பொலிஸ் தேடும்போது முதலில் அகப்படுவது உங்கள் பெயரும் உங்கள் அடையாள அட்டையும்தான்.

இன்றே செய்யக்கூடியவை

சேமிப்பை ஒரு கணக்கிலும் செலவுக் காசை இன்னொன்றிலும் வையுங்கள். சேமிப்புக் கணக்குக்குக் கார்டும் செயலியும் வேண்டாம். செலவுக் கணக்கின் நாளாந்த எல்லையைக் குறைத்துத் தரும்படி வங்கியில் கேளுங்கள். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் எஸ்எம்எஸ் வரச் செய்யுங்கள். பின் நம்பரைக் கார்டின் உறையில் எழுதி வைக்காதீர்கள். உங்கள் திரையை வேறொருவர் பார்க்க வைக்கும் செயலியை, யார் சொன்னாலும் போனில் ஏற்றாதீர்கள்.

காசு போய்விட்டால்?

அழுவதற்கு முன் வங்கிக்கு எடுங்கள். நம்பர் கார்டின் பின்புறத்தில் இருக்கும். கார்டையும் செயலியையும் நிறுத்தச் சொல்லுங்கள். காசு போன வங்கியோடு தொடர்புகொண்டு அதைப் பிடித்துவைக்கக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். எஸ்எம்எஸ், வட்ஸ்அப், ஸ்லிப் எதையும் அழிக்காமல் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டமும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இப்படியான மோசடிகளைக் குற்றமாக்கியிருக்கின்றன. வங்கியின் பதிலில் திருப்தி இல்லாவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் 1935ஐ அழையுங்கள். வட்ஸ்அப் அல்லது முகநூல் பறிபோனால் கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கம் இருக்கிறது. “போன காசை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கட்டுங்கள்” என்று பிறகு வருபவன் இரண்டாவது திருடன்.

ஏமாந்தவர்கள் வெட்கத்தில் வாயை மூடிக்கொள்வது இந்தத் தொழிலுக்குப் பெரிய துணை. பட்டம் பெற்றவர்களும் இதில் காசை இழந்திருக்கிறார்கள். வீட்டில் ஏசுவார்களோ என்று அம்மா ஒரு நாள் மறைத்தால், காசைப் பிடித்துவைக்கக்கூடிய அந்த முதல் மணித்தியாலங்கள் போய்விடும். ஆகவே இன்றிரவு சாப்பிடும்போது வீட்டில் இரண்டு விடயங்களை முடிவு செய்யுங்கள்: காசு கேட்டு அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும், போனை வைத்துவிட்டு வீட்டில் இன்னொருவரிடம் கேட்டபின்தான் அனுப்புவது; எவர் ஏமாந்து வந்து சொன்னாலும், ஏசாமல் முதலில் வங்கிக்கு எடுப்பது.