யாருக்காக இந்தப் பந்தல்?

எனக்கு வயது 36. பத்தாம் வகுப்பு வரை படித்த குடும்பத் தலைவி. மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

போன வருடம் என் மகள் பெரிய மனுஷி ஆனாள். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. விஷயம் தெரிந்த அன்றே மாமியார், "மண்டபத்தைப் பாருப்பா" என்று மகனிடம் ஆரம்பித்துவிட்டார். என் கணவர் மொய் நோட்டைக் கையில் எடுத்தார். அதுவரை 43 வீட்டுக்கு எழுதியிருந்தோம். "போட்டதை எடுக்க வேண்டாமா?" என்றார்.

அன்று ராத்திரி மகள் என் காதோடு சொன்னாள்: "அம்மா, என் போட்டோவை பிளக்ஸ்ல போட்டுடாதீங்க. எங்க கிளாஸ் பசங்க அந்த வழியாத்தான் வருவாங்க."

எனக்குத் தூக்கமே வரவில்லை. 13 வயதில் எனக்கும் இதே சடங்கு நடந்தது. 16 நாள் குச்சுக்குள் இருந்ததில் அரையாண்டுப் பரீட்சை போச்சு. பட்டும் மாலையுமாக மேடையில் உட்கார வைத்தார்கள். நான் தலை நிமிரவே இல்லை. அன்றைக்கு "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகள் சொல்லிவிட்டாள். அதைக் கேட்காமல் விட்டால் நான் என்ன அம்மா?

மறுநாள் காலையில், "மண்டபம் வேண்டாம் அத்தை. வீட்டோட தண்ணி ஊத்திக்குவோம்" என்றேன். பிடித்தது சண்டை! "ஒரே பொண்ணு. செய்யாம விட்டா, என்ன குறையோன்னு ஊர்ல பேச மாட்டாங்களா?" என்று மாமியார் அழுதார். நாத்தனார், "படிச்ச திமிர்" என்றார். பத்தாவது படித்ததற்கே இந்தப் பேர்.

கணவரிடம் நான் கேட்டது ஒன்றுதான். "வீட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குன்னு ஊருக்குச் சொல்லத்தான் அந்தக் காலத்துல இதைச் செஞ்சாங்க. இப்ப 18 வயசுக்கு முன்னாடி கட்டிக் கொடுத்தா 2006-ம் வருஷச் சட்டப்படி குற்றம். அப்புறம் 12 வயசுப் பிள்ளையை யாருக்குக் காட்டப் போறோம்?" அவர் பதில் சொல்லவில்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் அண்ணியும் நாத்தனாரும் தண்ணீர் ஊற்றினார்கள். உளுந்தங்களி, நல்லெண்ணெய் எல்லாம் கொடுத்தோம். பிள்ளை உடம்புக்காகப் பெரியவர்கள் செய்ததை நான் தடுக்கவில்லை. தாய்மாமன் சீராக அண்ணன் ஒரு சுடிதாரும் கொலுசும் கொண்டு வந்தார். கிளம்பும்போது தனியாகக் கூப்பிட்டு, "சீர் செய்ய வட்டிக்குச் சொல்லி வச்சிருந்தேன் தங்கச்சி. நல்ல வேளை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மாமியாருக்கு வருத்தம் இன்னும் தீரவில்லை. விசேஷ வீடுகளில் என் காதுபடவே பேசுகிறார்கள். எழுதின மொய் மகள் கல்யாணத்துக்கு வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் போகட்டும். மறுநாள் திங்கட்கிழமை மகள் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போனாள். எனக்கு அது போதும்.

சகோதரிகளே, சடங்கு செய்வது அவரவர் விருப்பம். ஆனால், பத்திரிகை அடிக்கும் முன் அந்தப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

- ஒரு வாசகி, மதுரை மாவட்டம்.