எட்டாத மேட்டை அளப்பது எப்படி?

கோலார் தங்கவயலில் உள்ள நந்திதுர்க் எனது ஊர். வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் இன்னும் நிற்கின்றன. அவற்றில் எஞ்சிய பொன்னை எடுக்கும் பேச்சு எழும்போதெல்லாம், "மண் எவ்வளவு?" என்ற கேள்வியும் எழுகிறது. அதற்கு மேட்டின் உயரம் தெரிந்தாக வேண்டும்.

உச்சிக்கு நேர்கீழான புள்ளி மண்ணுக்குள் அல்லவா புதைந்திருக்கிறது? அதுவரை நாடா பிடிப்பது எங்ஙனம்? ஆகவே சமதரையில் இரண்டு இடங்களில் நின்று பார்க்கிறோம். பாகைமானியில் நூலும் குண்டும் கட்டி உச்சியை நோக்கினால், முதலிடத்தில் 20 பாகை என்க. மேட்டை நோக்கி நேராக 30 மீட்டர் நடந்தபின் 30 பாகை என்க. செங்கோண முக்கோணத்தில், 20 பாகைக்குத் தொலைவு உயரத்தைப்போல் 2.747 மடங்கு, 30 பாகைக்கு 1.732 மடங்கு. வேறுபாடு 1.015 மடங்கு. நாம் நடந்த 30 மீட்டர் அதுவே. வகுத்தால் உயரம் 29.6 மீட்டர். தரையிலிருந்து கண்வரை உள்ள ஒன்றரை மீட்டரையும் கூட்டுக. நான் அதை மறந்து, தம்பியின் கேலிக்கு ஆளானேன்!

முதற் கோணத்தை 21 எனப் படித்துவிட்டாலோ, 29.6 என்பது 34.4 ஆகிவிடும். மண் கணக்கும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு ஏறிவிடும்! 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய நில அளவையில், கோணம் பார்க்கும் தியோடலைட்டு மட்டும் ஏறத்தாழ அரை டன் எடை. எனது பாகைமானியோ பள்ளிக்கூடப் பெட்டியில் வந்தது. ஆதலால் ஒவ்வோர் இடத்திலும் பத்து முறை பார்த்துச் சராசரி எடுக்கிறேன்.