ஓயா ஊஞ்சல்

ஊஞ்சலை ஒருமுறை ஆட்டிவிட்டு வாளா இருப்பின், அதன் வீச்சு சிறுகச் சிறுகக் குறைந்து இறுதியில் நின்றுவிடும். திரும்பி வரும்போதெல்லாம் தக்க நேரத்தில் சிறிதளவு உந்தினால் அஃது ஓயாது ஆடும். கொங்கு நாட்டார் தூரி என வழங்கும் இவ்வூஞ்சலின் இயல்பை அறிந்தோர், வானொலிப் பெட்டியினுள் இயங்கும் அலையியற்றியின் இயல்பையும் எளிதில் அறிவர்.

மின்னாற்றலுக்கும் ஓர் ஊஞ்சல் உண்டு. கம்பிச்சுருள் ஒன்றையும் மின்னேற்றம் பெற்ற மின்தேக்கி ஒன்றையும் இணைத்தால், ஒரு தட்டில் உள்ள மின்னேற்றம் சுருளின் வழியே பாய்ந்து மறு தட்டை அடையும். பின்னர் மீண்டு வரும். இவ்வாறு முன்னும் பின்னும் பாய்வதே மின்னலைவு. சுருளும் மின்தேக்கியும் சிறியனவாயின் அலைவு விரைவுறும், பெரியனவாயின் மெதுவாகும். ஆயினும், கம்பியின் தடை ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுவதால், அலைவு விரைவில் ஓய்ந்துவிடும்.

இங்கே ஊஞ்சலை உந்தும் கை டிரான்சிஸ்டரே ஆகும். 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டைன் என்னும் அறிஞர் இருவர் இதனை முதன்முதலில் இயக்கிக் காட்டினர். உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என மூன்று முனைகள் இதற்கு உண்டு. அடிவாயில் நிகழும் சிறு மாற்றம் ஏற்பானில் பெரு மாற்றமாக வெளிப்படும். அதன் ஒரு பகுதியை அலைவுச் சுற்றுக்கே திருப்பி அளித்தல் பின்னூட்டம் எனப்படும். அது அலைவோடு ஒத்த நேரத்தில் சென்று சேர்தல் வேண்டும். இழந்த ஆற்றலை ஈடு செய்யும் அளவினதாகவும் இருத்தல் வேண்டும். காலம் தவறினும் அளவு குறையினும் அலைவு நிலைக்காது. முதல் உந்துதலைத் தருவது எது? மின்கலத்தை இணைத்தவுடன் சுற்றில் எழும் சிறு மாற்றமே அதற்குப் போதும். டிரான்சிஸ்டர் ஆற்றலைப் படைப்பதில்லை. மின்கலத்தின் ஆற்றலைக் காலமறிந்து வழங்குகிறது.

கோவை வானொலி நிலையம் 1966இல் தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் அதன் ஒலிபரப்பு நடுத்தர அலையில் 999 கிலோ ஹெர்ட்சில், அஃதாவது நொடிக்கு 9,99,000 அலைவுகளாக வந்தது. சூலூர் உழவர் ஒருவர் அதனைக் கேட்கத் தம் டிரான்சிஸ்டர் வானொலியைத் திருகியபோது, உள்ளிருந்த அலையியற்றி நொடிக்கு 14,54,000 முறை அலைந்தது. இவ்விரண்டின் வேறுபாடு 455 கிலோ ஹெர்ட்ஸ். எந்நிலையத்தை நாடினும் இவ்வேறுபாடு மாறாதவாறு அலையியற்றியும் உடன் மாறும். ஆதலின் ஏனைய உறுப்புகள் அவ்வோர் அலைவெண்ணை மட்டும் தெரிந்து பெருக்கினால் போதும். பிற நிலையங்களின் ஒலி விலகிவிடும். அலையியற்றி ஓய்ந்தாலோ, மின்கலம் புதியதாயினும் ஒலிபெருக்கி நல்லதாயினும், வானிலைச் செய்தியும் விளைபொருள் விலையும் உழவர் செவிக்கு எட்டா.

இயக்கத்தை நிலைநிறுத்துவது பெருவிசை அன்று. காலந்தவறாது கிட்டும் சிறுவிசையே ஆகும். நாள்தோறும் சிறிது கற்கும் மாணவர்க்கும் இவ்வுண்மை பொருந்தும்.