கோட்டையைப் பிளக்கும் வேர், கூடத்தில் உதிரும் இலை

தொட்டியில் ஒரு மரம் – 11

கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஆறு கிலோமீட்டர் போனால் வட்டக்கோட்டை. பேரில்தான் வட்டம், உள்ளே போய்ப் பார்த்தால் நீள்சதுரம். மூன்றரை ஏக்கர் நிலத்தைச் சுற்றி 25 அடி உயரக் கருங்கல் மதில். முன்புறத்தில் அந்த மதிலின் அகலம் மட்டும் 29 அடி. 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படையை வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, அந்தப் போரில் சிறைபிடித்த டச்சு அதிகாரி டிலனாயையே தன் படைக்குத் தளபதியாக்கினார். அந்த டிலனாயின் மேற்பார்வையில் எழுந்த கோட்டை இது. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வரும் காற்று, பேசுகிற சொல்லை வாயிலிருந்தே பறித்துக்கொண்டு போகும்.

போன மாதம் அந்த மதிலோரம் நடந்தபோது இரண்டு கல்லுக்கு நடுவே ஓர் ஆலங்கன்றைப் பார்த்தேன். சுண்டு விரல் கனம்கூட இல்லை. மொத்தம் ஏழு இலை. மண் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை; காற்று கொண்டுவந்து சேர்த்த தூசும், கல் இடுக்கில் நிற்கும் ஈரமும்தான். ஏதோ ஒரு மைனாவோ குயிலோ பழத்தைத் தின்று எச்சத்தோடு போட்டுவிட்டுப் போன விதை. விட்டுவைத்தால் அந்த வேர் கல்லையே நகர்த்திவிடும். பழைய கோயில் கோபுரங்களிலும் பாழடைந்த வீடுகளிலும் இதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

இந்த வாரம் நாம் பேசப்போவது அந்த ஆலுக்குப் பங்காளி முறையான ஒரு மரத்தைப் பற்றி. நர்சரிகளில் ‘ஃபைகஸ்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். முழுப்பெயர் ஃபைகஸ் பெஞ்சமினா. கிளை நுனிகள் தளர்ந்து தொங்குவதால் வெள்ளைக்காரர்கள் இதை அழும் அத்தி என்றார்கள். 1767-இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். ஆனால் பிறந்த வீடு நம் பக்கம்தான்: இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடக்கு வரை இது காட்டு மரம். 30 மீட்டர் வரை வளரும். கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைப் பூங்காவுக்குப் போனவர்கள், பெரிய புல்வெளி நடுவே ஒரு கூரையே விரித்ததுபோல் படர்ந்து நிற்கும் அந்த மரத்தை மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் இதே இனம். அதைத்தான் நாம் ஒரு அடித் தொட்டிக்குள் வைத்து சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறோம்.

என் அத்தை வீடு கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். நாலு வருஷத்துக்கு முன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது நான் ஒரு ஃபைகஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலடி உயரம், மூன்று தண்டைப் பின்னல்போல் முறுக்கி வளர்த்த செடி. வெயிலில் பளபளவென்று நின்றதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். கூடத்து மூலையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தோம். பத்தே நாளில் போன் வந்தது.

“மக்கா, நீ தந்த செடி இலையெல்லாம் கொட்டிப் போச்சே. காலையில தூத்துவாருனா ஒரு முறம் இலை. கண்ணு பட்டுட்டோ என்னவோ?”

“தண்ணி பத்தலையோ என்னவோ அத்தை, தெனமும் ஊத்துங்க” என்றேன். அத்தை தினமும் ஊற்றினார். இலை இன்னும் கொட்டியது. மொட்டைமாடிக்கு மாற்றச் சொன்னேன், அங்கே காற்று. திரும்பக் கீழே, படிப்புரைக்கு. மாற்றிய இடத்துக்கெல்லாம் ஒரு முறம் இலை. இரண்டாம் மாதம் செடியைத் தொட்டியிலிருந்து கழற்றிப் பார்த்தபோது வேர் கறுத்து, சேற்று நாற்றம் அடித்தது. அந்தச் செடியைக் கொன்றது நான் சொன்ன யோசனைதான். அதன் பிறகுதான் இந்த மரத்தைப் படிக்க உட்கார்ந்தேன்.

நர்சரியில் திறந்த வெயிலில் வளர்ந்த ஃபைகஸின் இலை தடித்து, சிறுத்து இருக்கும். அது வெயிலுக்கென்று தைத்த இலை. நிறைய வெளிச்சம் கிடைத்தால் நிறைய உணவு சமைக்கும். உயிரோடிருக்க நிறையச் செலவும் செய்யும். அதே செடியைத் திடீரென்று கூடத்து மூலைக்குக் கொண்டுவந்தால் வரவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் கூடம் செடிக்கு அந்தி நேரம். செலவு மட்டும் அப்படியே நிற்கும். வரவுக்கு மேல் செலவு வைக்கும் இலையை மரம் வைத்துக்கொள்வதில்லை. காம்படியில் ஒரு மெல்லிய வரிசையைத் தளர்த்தி, இலையைத் தானே கழற்றிவிடுகிறது. பிறகு, அந்த இடத்து வெளிச்சத்தை அளந்து, அதற்கேற்ற மெல்லிய, அகன்ற இலையைப் புதிதாகத் தைக்கத் தொடங்குகிறது. இதற்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

நாம் எங்கே தவறுகிறோம் என்று இப்போது விளங்கும். இலை கொட்டுவதைச் சாவு என்று நினைத்துப் பயந்து, இடத்தை மாற்றுகிறோம். மரம் முதல் இடத்துக்கென்று தைத்த குருத்து இரண்டாம் இடத்துக்குப் பொருந்தாது. மறுபடி உதிர்க்கும். இதற்குள் இலை குறைந்துபோனதால் செடி குடிக்கும் தண்ணீரும் குறைந்திருக்கும். அப்போது பார்த்து நாம் அதிகமாக ஊற்றுகிறோம். வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. இலை உதிர்ந்து எந்த ஃபைகஸும் அவ்வளவு எளிதில் சாவதில்லை. நம் பதற்றத்தால்தான் பெரும்பாலும் சாகிறது.

ஒரு கிளை உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்து, பால் துளிர்த்தால் உயிர் இருக்கிறது. காத்திருங்கள்.

அடுத்த வருஷம் அத்தைக்கு இரண்டாவது செடி வாங்கினேன். இந்த முறை இரண்டடிக் கன்று, பச்சை நிழல்வலைக்குள் வளர்ந்தது. வாங்கும் முன்பே இடம் பார்த்தோம். கூடத்தில் கிழக்கு ஜன்னல், அதிலிருந்து இரண்டடி தள்ளி. காலை வெயில் ஒரு மணி நேரம் சாய்வாக விழும். பிறகு நாள் முழுக்க நல்ல வெளிச்சம். இலையின் நிழல் தரையில் மங்கலாகவாவது விழுகிற இடமாக இருக்க வேண்டும். நிழலே விழாத மூலை இதற்கு ஆகாது. ஏசியின் காற்றும் மின்விசிறியின் நேர்க்காற்றும் படக்கூடாது. தொட்டியின் கிழக்குப் பக்கத்தில் அத்தை சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். துடைக்க நகர்த்தினாலும் அந்தக் கோடு மறுபடி ஜன்னலைப் பார்த்தே நிற்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு.

மண் கலவை எளியது. செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய சாணமும் பருமணலும் அரை அரைப் பங்கு. நார்க்கழிவு நம் மாவட்டத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் காயலில் ஊறிய மட்டையிலிருந்து வருவதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும். தொட்டி அடியில் துளை கட்டாயம். இருப்பதைவிட ஒரு அளவு பெரிய தொட்டி போதும்; ‘பிறகு வளரும்’ என்று அண்டாவில் நட்டால், வேர் போய்ச் சேராத மண்ணில் ஈரம் தேங்கி அழுகல் வரும்.

தண்ணீருக்குக் கணக்கு விரல்தான். ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால், அடியில் வழியும் வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம். அடித்தட்டில் வழிந்ததைக் கொட்டிவிடுங்கள். கடலோரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் இலை நுனி பழுப்பேறிக் கருகும். அத்தை ஐப்பசி மழையில் ஓட்டுச்சாய்ப்பிலிருந்து குடத்தில் பிடித்து வைக்கிறார், செடிக்கு அதுதான். கொண்டல் அடிக்கும் மாதங்களில் ஜன்னல் வழியாக வரும் உப்பு இலையில் படியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஈரத்துணியால் ஒவ்வொரு இலையையும் உள்ளங்கையில் தாங்கித் துடைக்க வேண்டும்.

அப்படித் துடைக்கும்போதுதான் செடி நமக்குப் பழக்கமாகும். ஃபைகஸின் கிளை நுனியைக் கிட்டத்தில் பாருங்கள். ஊசிபோல் கூர்ந்த ஒரு குருத்து, வெளிர்பச்சை உறைக்குள் இருக்கும். ஆலிலும் அரசிலும் உள்ள அதே உறைதான். உள்ளே இலை சுருண்டு உட்கார்ந்திருக்கும். அது விரியும் நாளில் உறை காய்ந்து, வெங்காயத் தோல்போல் கழன்று தரையில் விழும். ஜன்னலடியில் இலை விழுந்தால் கவலைப்படுகிறோம். இந்த உறைகள் விழுந்தால் சந்தோஷப்பட வேண்டும். அதேபோல, இலை நடுநரம்போடு மடிந்து, பணப்பை மூடியதுபோல் இருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாக, எள்ளில் கால்பங்கு இருக்கும் பூச்சிகள் ஓடும். அவை இலைப்பேன், இந்த மரத்துக்கென்றே ஒரு வகை உண்டு. மடிந்த இலைகளைக் கிள்ளி ஒரு பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். தண்டில் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

எச்சரிக்கையாக ஒன்று. கிளை ஒடித்தால் வரும் பால் தோலில் அரிப்பு தரும். ரப்பர் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தச் செடி வீட்டுக்குள் இருப்பதே தும்மலையும் மூச்சுத் தொல்லையையும் கொண்டுவரலாம். குமரி மாவட்டம் ரப்பர் வளரும் பூமி. பால்வெட்டுக்குப் போகிறவர்கள் உள்ள வீடுகளில் இதைக் கேட்டறிந்துகொண்டு வைப்பது நல்லது. பூனையும் நாயும் இலையைக் கடித்தால் வாய் புண்ணாகும், வாந்தி எடுக்கும். கத்தரிக்கும்போது கையுறை போடுங்கள்.

காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி இந்தச் செடியை விற்கிறார்கள். அது 1989-இல் நாசா நடத்திய ஆய்விலிருந்து வந்த பேச்சு. அந்தச் சோதனை மூடி முத்திரையிட்ட சிறு பெட்டிக்குள் நடந்தது. நாம் வசிக்கும், ஜன்னல் திறந்த வீட்டில் அதே பலன் வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்று 2019-இல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்த ஆசையில் வாங்க வேண்டாம். ஒரு பெருமரத்தின் குழந்தைப் பருவத்தைப் பல வருஷம் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். வாங்க அந்த ஒரு காரணம் போதும்.

வளர்ந்து கூரையைத் தொட்டால் மண்ணில் நட்டுவிடலாம் என்று பலர் வீட்டு மதிலோரம் நடுகிறார்கள். கோட்டை மதிலில் பார்த்த அந்தக் கன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மதிலோரமும் கழிவுநீர்த் தொட்டியோரமும் இந்த இனத்துக்கு இடமில்லை. கத்தரித்துத் தொட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்; அல்லது கட்டடம் இல்லாத திறந்த வெளியில், கோயில் குளக்கரைபோல் ஓர் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

அத்தையின் இரண்டாவது செடியும் முதல் மூன்று வாரம் இலை கொட்டியது. அத்தை எனக்குப் போன் செய்யவில்லை. தொடவுமில்லை. ஆறாம் வாரம் தூத்துவாரும்போது முறத்தில் வெங்காயத் தோல்போல் என்னவோ கிடந்ததாகச் சொன்னார். இப்போது மூன்று வருஷம் ஆகிறது. செடி ஜன்னல் உயரத்தைத் தாண்டிவிட்டது.

போன மாதம் நான் கோட்டையிலிருந்து திரும்பி வீட்டுக்குள் போனபோது கூடமே மாறியிருந்தது. பேரனுக்குத் தொட்டில் கட்ட இடம் வேண்டி, சோபாவைப் படிப்புரைக்கும் தொலைக்காட்சியை உள்ளறைக்கும் மாற்றியிருந்தார்கள். ஃபைகஸ் மட்டும் அதே ஜன்னலடியில், சாக்பீஸ் கோடு கிழக்கே பார்க்க, நின்ற இடத்திலேயே நின்றது.

“அது அங்கயே நிக்கட்டும் மக்கா. மத்ததெல்லாம் நகருமே” என்றார் அத்தை.

(அடுத்த வாரம்: ஒரே கிளையிலிருந்து இன்னொரு செடி – விண்பதியம் போடும் முறை)