மென்பொருளுக்கு ஒரு பூட்டு

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

பூட்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது திண்டுக்கல். 2019ஆம் ஆண்டு அந்த ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரும்புப் பூட்டு செய்பவர் பத்துப் பூட்டுச் செய்தால் பத்துப் பேருக்குத்தான் விற்க முடியும். பதினோராவது ஆளுக்கு வேண்டுமென்றால் மறுபடியும் இரும்பு வேண்டும், உழைப்பு வேண்டும். கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளோ அப்படிப்பட்டதன்று. அதை எழுதி முடிக்கப் பல பேர் பல ஆண்டுகள் பாடுபட்டிருப்பார்கள். ஆனால் எழுதி முடித்த பிறகு, ஒன்றை ஆயிரமாக்க ஒரு நிமிடமும் வேண்டாம். மூலப் பிரதிக்கும் நகலுக்கும் அணுவளவு வேறுபாடும் இராது. இந்த ஒரு குணத்தினால் வந்த சண்டை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. அன்பார்ந்த வாசகர்களே, அந்தச் சண்டையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். ஏனெனில், எண்ணூரில் உள்ள நம்மையும் அது வந்து தொட்டுவிட்டது.

முதல் குரல் எழுப்பியவர் பில் கேட்ஸ். 1976 பிப்ரவரியில், அப்போது இருபது வயதேயான அவர், கணிப்பொறி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஆல்டேர் என்ற சிறு கணிப்பொறிக்காக அவரும் நண்பர்களும் 'பேசிக்' மொழியை எழுதியிருந்தார்கள். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒரு பங்கினர்கூட அதை விலை கொடுத்து வாங்கவில்லை, மற்றவர்கள் துளையிட்ட காகித நாடாவை நகலெடுத்துக் கொடுத்துக் கொள்கிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. கணிப்பொறிக்குக் காசு கொடுக்கிறீர்கள், மென்பொருள் மட்டும் இனாமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வியே.

கேள்வி கேட்டால் யார் திருந்தினார்கள்? ஆகவே பூட்டு வந்தது. பிளாப்பி வட்டுக் காலத்தில் வந்த பூட்டுகளைப் படிக்கப் படிக்க வியப்பாக இருக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற புகழ் பெற்ற கணக்குத்தாள் மென்பொருளை ஹார்டு டிஸ்கில் போட்டு வைத்திருந்தாலும், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மூல வட்டை எடுத்துச் செருகிக் காட்ட வேண்டும். வால்ட் என்ற நிறுவனம் வட்டின் மேல் வேண்டுமென்றே சிறு காயம் உண்டாக்கி விற்றது. மென்பொருள் தொடங்கியவுடன் அந்தக் காயம் பட்ட இடத்தில் எதையாவது எழுத முயலும். எழுத முடியவில்லை என்றால் அது அசல் வட்டு, ஓடும். எழுத முடிந்துவிட்டால் நகல், நின்றுவிடும். தழும்பைப் பார்த்து அடையாளம் சொல்வது போல! ஆனால் பிளாப்பி வட்டு காற்றீரத்தில் பூஞ்சை பிடிக்கும் பொருள். காசு கொடுத்து வாங்கியவர் பத்திரமாக இன்னொரு பிரதி எடுத்து வைக்கவும் வழியில்லாமல் போயிற்று. உடனே, பூட்டுப் போட்ட வட்டையும் நகலெடுக்கும் மென்பொருளைச் சிலர் கடைகளிலேயே விற்கத் தொடங்கினார்கள்.

அடுத்து வந்தது 'டாங்கிள்'. நம் ஊர் டி.டி.பி. கடைகளில் இதை 'லாக்' என்றுதான் சொல்வார்கள். கட்டைவிரல் அளவுள்ள சிறு பொருள். முன்பு பிரிண்டர் செருகும் இடத்தில் மாட்டுவார்கள், பிறகு யு.எஸ்.பி.யில் வந்தது. இது செருகியிருந்தால்தான் மென்பொருள் வேலை செய்யும்.

இவ்வளவு பூட்டுகளையும் உடைப்பது எப்படி முடிகிறது? மென்பொருள் என்பது வரிசையாக எழுதப்பட்ட கட்டளைகள். அவற்றின் நடுவே எங்கோ, "பூட்டு இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் நின்றுவிடு" என்ற கட்டளையும் இருக்கும். உடைப்பவர் செய்வதெல்லாம் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, "இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேலே போ" என்று மாற்றி எழுதுவதுதான். சில சமயம் இரண்டு மூன்று எண்களை மாற்றினாலே போதுமாம். தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தவிரவும், மென்பொருள் வாங்கியவரின் கணிப்பொறியில் ஓடித்தானே ஆக வேண்டும்? அதனால் பூட்டையும் சாவியையும் சேர்த்தே அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒளித்து வைத்து அனுப்பலாம். அனுப்பாமல் இருக்க முடியாது.

சாவி எண் கேட்கும் முறையும் இப்படித்தான். நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கம், முந்தைய பதினொன்றையும் ஒரு கணக்கில் போட்டுப் பெறுவது. தப்பாக ஓர் இலக்கம் சொன்னால் கணிப்பொறி கண்டுபிடித்துவிடும். மென்பொருளின் சாவி எண்ணிலும் இது போன்ற கணக்கு ஒளிந்திருக்கும். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவர் வேண்டிய மட்டும் சாவி எண்களைத் தயாரித்துவிடுவார்.

இதனால்தான் 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி வேறு வழிக்குப் போயிற்று. இருபத்தைந்து எழுத்துச் சாவியைக் கொடுத்தாலும் போதாது. முப்பது நாட்களுக்குள் நிறுவனத்திடம் 'ஆக்டிவேஷன்' என்ற அனுமதி பெற வேண்டும். இணையம் இல்லாதவர்கள் தொலைபேசியில் ஐம்பது இலக்கங்களைச் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொல்லும் நாற்பத்திரண்டு இலக்கங்களைப் பிழையில்லாமல் தட்ட வேண்டும். (எங்கள் வீட்டில் பதினாறு இலக்க ரீசார்ஜ் எண்ணுக்கே இரண்டு பேர் தேவைப்பட்டதாம்!) கணிப்பொறியின் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கார்டு முதலிய பத்து உறுப்புகளின் அடையாளத்தையும் அது குறித்துக்கொள்ளும். பழுது பார்க்கும்போது அவற்றில் பலவற்றை மாற்றினால், இது வேறு கணிப்பொறி என்று எண்ணி மறுபடியும் அனுமதி கேட்கும். அந்தப் பூட்டும் நிற்கவில்லை. பெரிய அலுவலகங்களுக்கென்று ஆக்டிவேஷன் தேவையில்லாத சாவி ஒன்று தரப்பட்டிருந்தது. விற்பனை தொடங்கும் முன்னரே அது வெளியில் கசிந்து உலகமெல்லாம் சுற்றியது.

நம் ஊருக்கு அது வந்த வழி நமக்குத் தெரிந்த வழிதான். எண்ணூரில் ரயிலேறி, கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், ராயபுரம் எல்லாம் தாண்டிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரில் பர்மா பஜார். 1969இல் பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பிய தமிழர்களுக்காக அமைக்கப்பட்ட கடைவீதி அது. சிடி காலத்தில், திரைப்படங்களோடு திரைப்படமாக, விலை உயர்ந்த மென்பொருள்களும் அங்கே பிளாஸ்டிக் உறையில் கிடைத்தனவாம். திருட்டு வீடியோ சிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்க்கும் அளவுக்கு 2004இல் தமிழ்நாட்டில் நிலைமை முற்றியது.

மென்பொருளுக்கு மத்திய அரசின் பதிப்புரிமைச் சட்டமே காவல். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் கணிப்பொறி நிரலும் இலக்கியப் படைப்பாகும் என்று 1984இல் திருத்தம் செய்தார்கள். அதாவது, சட்டத்தின் கண்ணில் கணக்கு எழுதும் மென்பொருளும் ஓர் இலக்கியம்! திருட்டு நகல் என்று தெரிந்தே கணிப்பொறியில் பயன்படுத்தினால் ஏழு நாட்கள் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றும் சட்டம் சொல்கிறது. 2012இல் சேர்த்த 65ஏ என்ற பிரிவு பூட்டை உடைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை என்கிறது. ஆனால் 'உரிமையை மீறும் எண்ணத்துடன்' உடைத்தால் என்று அதில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் ஏழாம் கட்டளை நடத்தியபோது, நகலெடுத்தால் உரியவரிடம் பொருள் அப்படியே இருக்கிறதே, அது எப்படித் திருட்டாகும் என்று ஒருத்தி கேட்டாள். அருட்சகோதரி, "அவருக்கு வர வேண்டிய கூலி அவரிடம் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார்கள். வகுப்பில் பதில் இல்லை.

நானும் அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கூலியைக் கொடுத்தவருடைய கதையையும் சொல்ல வேண்டும் அல்லவா?

என் சித்தப்பா எர்ணாவூரில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, மீனவர் சங்க நோட்டீஸ், கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரல், பங்கு ஜூபிலி மலர் எல்லாம் அங்கே தயாராகும். தமிழ் எழுத்துருக்களும் தட்டச்சு முறையும் அடங்கிய மென்பொருளை அவர் கடன் வாங்கி முறைப்படி விலைக்கு வாங்கினார். லாக்கும் பில்லும் தந்தார்கள். அதே தெருவில் இருந்த இன்னொரு கடையில் பூட்டு உடைத்த நகல்தான் ஓடியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எண்ணூர் மக்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து கடைக்குள் இடுப்பளவு நின்றது. சுவரில் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. கணிப்பொறி போயிற்று, அதன் பின்னால் செருகியிருந்த லாக்கும் போயிற்று, மேசை இழுப்பறையில் இருந்த பில்லும் கூழாகிவிட்டது. பல ஆண்டு வேலையெல்லாம் சிடிகளில் மாடி வீட்டில் பத்திரமாக இருந்தது. மூழ்கியது சாவி மட்டுந்தான்.

விற்றவர்களைக் கேட்டபோது, அந்தப் பழைய பதிப்புக்கு இப்போது லாக் தருவதில்லை, புதிய பதிப்பை முழு விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். தெருக்கோடிக் கடைக்காரர் வேறொரு கணிப்பொறி வாங்கி, சிடியைப் போட்டு, அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிட்டார்! நேர்மையாக வாங்கியவர் வெளியே நிற்க, வாங்காதவர் உள்ளே உட்கார்ந்திருப்பதைக் கண்டு சித்தி அழுதே விட்டார்கள்.

இது சித்தப்பாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2013 ஜனவரியில் அடோபி நிறுவனம், சிஎஸ்2 என்ற தன் பழைய தொகுப்புக்கு அனுமதி வழங்கி வந்த கணிப்பொறியை நிறுத்திவிட்டது. வாங்கியவர்கள் திண்டாடக் கூடாது என்று அனுமதி கேட்காத பதிப்பையும் அதற்கான சாவி எண்ணையும் இணையத்தில் தானே வெளியிட்டது. அந்த அளவுக்காவது செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது 'சர்வர் இல்லை' என்றால், அட்டை கையில் இருந்தும் அரிசி இல்லை. ஆக்டிவேஷனும் அது மாதிரிதான். எங்கோ இருக்கும் ஒரு சர்வர் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான் நாம் வாங்கியது நம்முடையது.

ரிச்சி தெருவில் ஒருவர் பழைய மென்பொருளின் பூட்டை உடைத்துத் தருவதாகச் சித்தப்பாவிடம் சொன்னார். காசு கொடுத்து வாங்கியவர் தன் சொந்த வேலையைத் திறந்து பார்க்க உடைத்தால் அது 'உரிமையை மீறும் எண்ணம்' ஆகுமா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. சித்தப்பா போகவில்லை. சட்டத்துக்கு அஞ்சி அல்ல, சீலுக்கு அஞ்சி. காமராஜர் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைத் தினமும் பார்க்கிறோம். கதவில் எண் போட்ட ஒரு சிறு சீல் தொங்கும். கட்டர் இருந்தால் யாரும் அதை வெட்டலாம். ஆனால் வெட்டிய பிறகு உள்ளே யார் எதை வைத்தார், எதை எடுத்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. மென்பொருளுக்கும் தயாரித்தவரின் கையெழுத்து போன்ற சீல் உண்டு. உடைப்பவர் ஓர் எழுத்தை மாற்றினாலும் அது செல்லாததாகிவிடும்; அதன் பிறகு உள்ளே இருப்பது உடைத்தவரின் மனசாட்சியைப் பொறுத்தது. 2018 முதல் பரவிய 'ஸ்டாப்' என்ற பணயத் தீநிரல் பெரும்பாலும் இப்படிப்பட்ட இலவச 'கிராக்'குகளுக்குள் ஒளிந்துதான் வீடுகளுக்குள் நுழைந்தது. புகைப்படம், பாடக்குறிப்பு எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். பூட்டை உடைக்கப் போனவனுக்கே வேறொரு பூட்டு!

1986இல் லாகூரில் கணிப்பொறிக் கடை வைத்திருந்த இரு சகோதரர்கள், தங்கள் மருத்துவ மென்பொருளை நகலெடுத்தவர்களைக் கண்டுபிடிக்கவே 'பிரெய்ன்' வைரஸை எழுதியதாகச் சொன்னார்கள். அதில் கடை முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. அது பல நாடுகளுக்குப் பரவி, எங்கெங்கிருந்தோ அழைப்பு வந்தது. ஐ.பி.எம். கணிப்பொறிகளுக்கான முதல் வைரஸ் என்று பெயர் பெற்றதும் அதுவே.

சித்தப்பாவின் கோப்புகளுக்கு இன்னொரு பூட்டும் இருந்தது. அதை யாரும் வேண்டுமென்று போடவில்லை. அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் விருப்பம்போல் உட்கார வைத்தது. பாமினி எழுத்துருவில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' இருக்கும். வேறொன்றில் அங்கே வேறெதுவோ. அதனால் ஒரு கடையில் அடித்த தமிழ் இன்னொரு கடையில் கிறுக்கலாகத் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பொதுத் தரம் ஒன்று வகுத்தார்கள். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. யூனிகோடில் 'அ' என்றால் உலகெங்கும் ஒரே எண். எந்த நிறுவனத்தின் லாக்கும் அதற்கு வேண்டாம்.

பூட்டே இல்லாத மென்பொருள்களும் உண்டு என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. 2007இல் வெளியான 'பாஸ்' லினக்ஸ் நம் சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில் உருவானது. 2011இல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் அதுவும் சேர்த்துத் தரப்பட்டது. பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் ஓப்பன் ஆபீஸ் பாடமாகவே இருக்கிறது. நகலெடுங்கள், பிறருக்குக் கொடுங்கள் என்று உரிமத்திலேயே எழுதித் தருகிறார்கள். விலை உயர்ந்த மென்பொருளில் உள்ள எல்லா அலங்காரமும் இவற்றில் வராது. சித்தப்பா லிப்ரே ஆபீஸில் கல்யாணப் பத்திரிகை செய்யப் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவி ஒன்றை அண்ணன் தேடித் தந்தான். கடந்த கோடை விடுமுறை முழுவதும் சிடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கிறுக்கலைத் தமிழாக மாற்றும் வேலை எனக்கு வந்தது. பக்க வடிவமும் பூவேலையும் போய்விட்டன; சொற்கள் மட்டும் வந்தன. சில இடங்களில் 'ஸ்ரீ'யும் 'க்ஷ'வும் கட்டங்களாகவே நின்றன. பழைய பங்கு மலர் ஒன்றைத் திறந்தபோது, அந்த ஆண்டு திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளின் பட்டியல் வந்தது. அதில் என் அக்காவின் பெயரும் இருந்தது. இன்னும் பதினொரு சிடிகள் பாக்கி. அவற்றில் நான்கைக் கணிப்பொறி படிக்க மறுக்கிறது.