மோதிரம் யார் விரலுக்கு?



பெண் பார்த்து, இரு வீட்டாரும் மனம் ஒத்துப் பேசி முடித்தபின் நம் வீடுகளில் நடைபெறும் முதல் கொள்முதல் பெரும்பாலும் மோதிரமாகவே இருக்கிறது. கோவைக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள தொண்டாமுத்தூரிலிருந்து பேருந்து ஏறி வரும் குடும்பமாயினும், நகருக்குள்ளேயே கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் வாழும் குடும்பமாயினும், பெரிய கடைவீதி, ராஜ வீதி, கிராஸ்கட் சாலை என்று கடை கடையாக ஏறி இறங்குகின்றனர். மாப்பிள்ளையின் தாயார் ஒரு வடிவத்தைச் சொல்வார். நாத்தனார் வேறொன்றைச் சொல்வார். பணம் கொடுப்பவர் எடையைப் பார்ப்பார். அணியப் போகும் பெண்ணிடம் மட்டும் எவரும் ஒரு சொல் கேட்பதில்லை.

விளைவு என்ன? நிச்சயத்தன்று சபையோர் மெச்சும்படி மின்னிய மோதிரம், அடுத்த வாரமே பீரோவுக்குள் முடங்கிவிடுகிறது. ஒன்று அது விரலுக்கு இறுக்கமாக இருக்கும். அல்லது அவளுடைய அன்றாட வேலைக்கு ஒத்துவராது. அல்லது அவள் விரும்பாத வடிவமாக இருக்கும். மோதிரம் முடங்கினால் நஷ்டம் பொன்னோடு போகும். ஆனால், "என் விருப்பத்துக்கு இந்த வீட்டில் இடமில்லை" என்ற எண்ணம் முதல் நாளிலேயே ஒரு பெண்ணின் உள்ளத்தில் விழுந்துவிட்டால், அதை எந்தத் தட்டான் உருக்கிச் சரிசெய்வார்?

கேட்பதில் தவறேதுமில்லை

ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். நிச்சய மோதிரம் என்பது வழக்கமே தவிர, நிக்காஹ்வின் கடமையன்று. மோதிரம் அணிவித்துவிட்டதாலேயே அவர்கள் கணவன் மனைவி ஆகிவிடுவதுமில்லை. ஆகவே, மணமகனே மணமகளின் விரலைப் பிடித்து அணிவிக்கும் நாகரிகத்தைத் தவிர்த்து, அவருடைய தாயாரோ சகோதரியோ அணிவிப்பதே நமக்கு உகந்தது.

ஆனால் பெண்ணின் விருப்பத்தை அறிவது மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. மணம் பேசியிருந்த முகீரா (ரலி) அவர்களிடம், அப்பெண்ணைப் பார்த்துக்கொள்ளும்படியும், அது இருவரிடையே நேசம் நிலைக்கத் துணை செய்யும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுரை கூறியதாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். நிக்காஹ்வுக்கே பெண்ணின் சம்மதத்தை ஷரீஅத் கேட்கச் சொல்கிறது. நாணத்தால் கன்னிப்பெண் மௌனமாக இருந்தால் அதைச் சம்மதமாகக் கொள்ளலாம் என்பது நிக்காஹ்வுக்கு உரிய சலுகை. மோதிரத்தின் அளவுக்கு மௌனம் பதிலாகாது. எனவே மணமகனின் சகோதரி பெண்வீட்டுக்குச் செல்லும்போது, அவள் ஏற்கெனவே விரும்பி அணியும் மோதிரம் எது, பொன்னின் மஞ்சள் நிறம் பிடிக்குமா, கல் பிடிக்குமா என்று அன்போடு கேட்டு வரட்டும்.

விரலை அறிந்து வாங்குங்கள்

அடுத்து, அவள் கைகள் என்ன வேலை செய்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் வாழைத் தோட்டத்திலும் சின்ன வெங்காய வயலிலும் கை நனைக்கும் பெண்ணுக்கு, உயர்ந்து நிற்கும் கல் மோதிரம் மண்ணும் சேறும் சேர்க்கும் பொருளாகிவிடும். மருத்துவமனையில் கையுறை அணியும் பெண்ணுக்கு அது உறையைக் கிழிக்கும். இவர்களுக்கு வழவழப்பான வளைய மோதிரமோ நெளி மோதிரமோ பொருந்தும்.

உளூவை மறந்துவிடாதீர்கள். மோதிரத்தின் அடியிலும் தண்ணீர் சென்று சேர வேண்டும். இறுக்கமான மோதிரத்தை ஒவ்வொரு தொழுகைக்கும் அசைத்தோ கழற்றியோ கழுவ வேண்டியிருக்கும். வெப்பத்திலும் மாலை நேரத்திலும் விரல் சற்றுப் பருக்கும். குளிர்ந்த காலையில் மெலியும். ஆகவே மாலையில் அளவெடுப்பது நலம். வளையம் முழுவதும் கல் பதித்த மோதிரத்தைப் பின்னர் பெரிதாக்குவது கடினம் என்பதையும் நினைவிற்கொள்க.

பொன்னைப் பொறுத்தவரை, 22 காரட் நகையில் 916 என்றும், 18 காரட்டில் 750 என்றும் முத்திரை இருக்கும். 22 காரட் பொன் மென்மையானது. சிறு வைரக் கற்கள் உறுதியாக நிற்க 18 காரட்டே பெரும்பாலும் பயன்படுகிறது. கட்டாய ஹால்மார்க் முறை 2021 ஜூன் மாதம் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீடும் நகையில் இருந்தாக வேண்டும். அதை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் நீங்களே சரிபார்க்கலாம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இக்கட்டாயம் இல்லை. எனவே மெல்லிய மோதிரம் வாங்குவோர் கூடுதலாக விசாரிக்க வேண்டும். கல்லின் எடையைக் கழித்த பொன் எடை, செய்கூலி, சேதாரம் ஆகியவை ரசீதில் தனித்தனியே இருக்கட்டும்.

கல்லில் அழகுண்டு, அதிர்ஷ்டமில்லை

கொங்கு நாட்டுக்குக் கற்கள் புதியவையல்ல. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து தொண்டாமுத்தூர் வட்டாரத்தை நனைத்துச் செல்லும் நொய்யலின் கரையில், கிழக்கே கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு கல்மணி செய்யும் தொழில் சிறந்திருந்ததைக் காட்டின. காங்கேயம் அருகே படியூரின் நீலப்பச்சைக் கல்லும் புகழ்பெற்றது. கல்லின் நிறத்தை விரும்பி அணிவது வேறு. "இந்த ராசிக்கு இந்தக் கல் நன்மை தரும்" என்று நம்பி அணிவது வேறு. நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டப்படியே நிகழ்பவை என்று ஈமான் கொண்டோர், ராசிக்கல்லுக்குப் பணத்தையும் நம்பிக்கையையும் ஒருசேர இழக்கலாமா?

மாப்பிள்ளைக்கு எந்த மோதிரம்?

இளைஞர்களே, இது உங்களுக்கு. ஆண்களுக்குப் பொன் தடுக்கப்பட்டது. ஒருவரின் விரலில் பொன் மோதிரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அதைக் கழற்றி எறிந்தார்கள் என்றும், அதன் பின் அத்தோழர் அதை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார் என்றும் ஹதீஸ் உண்டு. 'வெள்ளைத் தங்கம்' என்பதும் பிற உலோகம் கலந்த பொன்னே. நிறம் மாறினாலும் சட்டம் மாறாது. நபி (ஸல்) அவர்கள் மன்னர்களுக்கு எழுதிய கடிதங்களில் முத்திரையிடுவதற்காக அணிந்ததும் வெள்ளி மோதிரமே. இவ்வாறிருக்க, பெண்வீட்டாரிடம் "மாப்பிள்ளைக்கு ஒரு பவுனில் மோதிரம்" என்று கேட்பது, ஹராமான பொருளைக் கைக்கூலியாகப் பெறுவதன்றோ? ஒரே செயலில் இரு பிழைகள்!

எழுதி வையுங்கள்

பெண்ணுக்குக் கொடுக்கும் மோதிரம் அன்பளிப்பா, மஹரின் ஒரு பகுதியா என்பதை இரு வீட்டாரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். மஹர் என்றால் அதன் எடையை ஜமாஅத் திருமணப் பதிவேட்டில் குறிக்கச் செய்யுங்கள். மஹர் அவளுக்கே உரியது. கணவனோ மாமியாரோ அதில் உரிமை கொண்டாட இயலாது. வாய்மொழியாக விட்டுவிட்ட சிறு பொருளே பின்னாளில் பெரும் பிணக்குக்கு வித்தாகிறது.

வசதி குறைந்தவர்கள் வருந்த வேண்டாம். மஹர் கொடுக்க ஏதுமற்ற தோழர் ஒருவரிடம், இரும்பு மோதிரமேனும் கிடைக்குமா என்று தேடிப் பார்க்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அதுவும் கிடைக்காதபோது, அவர் அறிந்திருந்த குர்ஆன் வசனங்களையே கொண்டு அந்த நிக்காஹ் நிறைவேறியது. அரை பவுனாயினும் அவள் மனம் விரும்பியதாக இருந்தால், அதுவே விலைமதிப்பற்றது.

ஆகவே, கடைவீதிக்குப் புறப்படும் முன் பெண்வீட்டுக்கு ஒரு முறை தொலைபேசியில் பேசுங்கள். "உனக்கு எது பிடிக்கும், மகளே?" என்று கேளுங்கள். இல்லறத்தை அந்தக் கேள்வியோடு தொடங்கும் குடும்பங்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.